கோழிக்கூட்டிலிருந்து வரும் அரிப்பு: நீலகிரியில் புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரிக்குக் குடிவந்து முதன்முறையாக நாட்டுக்கோழி வளர்க்கும் குடும்பங்களில் ஒரே புகாரை மீண்டும் மீண்டும் கேட்கிறேன். கோழிகள் வந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும். குழந்தையின் கணுக்காலில் சிவப்புத் தடிப்புகள் எழும்பும். அம்மாவுக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்தைச் சுற்றி அரிக்கும். மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்குவார்கள். அது கேட்காவிட்டால் சிரங்குக்கான களிம்பு. போட்ட இடம் ஆறும், பக்கத்திலேயே புதிதாக நான்கு தடிப்பு முளைக்கும். இப்படியே மாதங்கள் ஓடும்.

அரிப்பு தோலில்தான் தெரிகிறது. ஆனால் அதற்கான வேலை கோழிக்கூட்டில் இருக்கிறது. கூட்டைச் சுத்தம் செய்யாமல் எத்தனை களிம்பு மாற்றினாலும் பயனில்லை. அதுவும் ஒரு முறை செய்துவிட்டு விட்டுவிட்டால் போதாது, இடைவெளி விட்டு மூன்று முறையாவது செய்ய வேண்டும். என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

மலையில் ஏன் இந்தத் தொல்லை அதிகம்

சமவெளியில் கோழிக்கூடு வீட்டை விட்டுத் தள்ளி, வேப்பமரத்தடியில் இருக்கும். இங்கே அப்படி வைக்க மனம் வருவதில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் சிறுத்தை இரவில் வாசல் வரை வந்து நாயையே கவ்விக்கொண்டு போகிறது. கீரியும் காட்டுப்பூனையும் குஞ்சுகளை விட்டுவைப்பதில்லை. குளிர் வேறு. அதனால் கூட்டைச் சமையலறைச் சுவரோடு ஒட்டிக் கட்டுகிறோம். குஞ்சுகளைப் பஞ்சாரத்தோடு அடுப்பங்கரைக்கே கொண்டுவந்து வைக்கிறோம். அடுப்புச் சூட்டில் குஞ்சு பிழைத்துக்கொள்கிறது. அதே சூட்டில் பூச்சியும் ஆண்டு முழுவதும் பெருகுகிறது.

இன்னொரு காரணம் மரம். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் ஓரப்பலகைகள் இங்கே மலிவாகக் கிடைக்கும். பட்டையை உரிக்காமலே அவற்றை அடித்துக் கூடு கட்டிவிடுகிறார்கள். பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள பிளவில் ஆயிரக்கணக்கான செள்ளுகள் (ஊர்ந்து திரிந்து இரத்தம் குடிக்கும் மிக நுண்ணிய பூச்சிகள், ஆங்கிலத்தில் மைட்) பகல் முழுவதும் பதுங்கிக் கிடக்கும்.

பிறகு மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் காய்ந்த மண்ணே கோழிக்குக் கிடைக்காது. கோழி புழுதியில் புரண்டு, மண்ணை இறகுக்குள் வாரிப் போட்டு உதறுவதுதான் அதன் குளியல். தன் உடம்பில் உள்ள பூச்சியை அது குறைத்துக்கொள்ளும் வழியும் அதுவே. மழைக்காலத்தில் அது நின்றுபோகிறது. கூட்டுக்கு அடியில் கூரை மறைப்பில் மட்டும் கொஞ்சம் காய்ந்த தூசி மிஞ்சும். தெள்ளுப்பூச்சியின் (தாவிக் கடிக்கும் பூச்சி, ஆங்கிலத்தில் ஃப்ளீ) புழுக்கள் வளர்வதும் அந்தத் தூசியில்தான்.

முதல் வேலை: எந்தப் பூச்சி என்று தெரிந்துகொள்வது

ஊரில் எல்லாவற்றையும் பொதுவாகக் கோழிப்பேன் என்று சொல்லிவிடுவார்கள். மருந்து போடும்போது அந்தப் பொதுப்பெயர் உதவாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் வாழும் இடம் வேறு.

கோழியைப் பகல் வெளிச்சத்தில் மடியில் வைத்து முகத்தைப் பாருங்கள். கொண்டையின் அடிப்பகுதியிலும், கண்ணிமை ஓரத்திலும், தாடியிலும் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கருஞ்சிவப்புப் புள்ளிகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் அது ஒட்டுத் தெள்ளு. விரலால் தேய்த்தால் போகாது. பெண் பூச்சி வாயைத் தோலுக்குள் செருகிக்கொண்டு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் அதே இடத்தில் இருந்து இரத்தம் உறிஞ்சும். 1875ஆம் ஆண்டில் வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இலங்கைக் கோழிகளிடமிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டுதான் இதை முதலில் விவரித்து எழுதினார். வெப்பமான நாடுகள் எல்லாவற்றிலும் இது உண்டு. கோழியோடு நிற்காது, நாய், பூனை, எலி, முயல், மனிதன் என்று கிடைக்கும் உடம்பில் எல்லாம் ஒட்டும். மலைக்கு இது பெரும்பாலும் கீழேயிருந்து வாங்கிவரும் கோழியோடுதான் ஏறி வருகிறது என்பது என் கணிப்பு.

முகம் சுத்தமாக இருந்தால் வாலைத் தூக்கி மலவாயைச் சுற்றிய இறகை விலக்கிப் பாருங்கள். இறகு அழுக்கேறிக் கறுத்து, அடியில் நுண்ணிய புள்ளிகள் ஓடினால் அது உடம்பிலேயே குடியிருக்கும் செள்ளு. குளிர்ந்த மாதங்களில் இது கூடுதலாகத் தெரியும். சேவல்களிடம் அதிகம். கோழியைப் பிடித்த உங்கள் கையில் ஏறி ஊர்வதை உடனே உணர்வீர்கள். பார்ப்பதற்கு வைக்கோல் நிறத்தில், சற்றுப் பெரிதாக, தட்டையாக ஓடி, இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாக முட்டை ஒட்டியிருந்தால் அதுதான் உண்மையான பேன். பேன் இறகையும் செதிலையும் கடித்துத் தின்பது, மனிதனைக் கடிப்பதில்லை. கோழிக்கு வைத்தியம் வேண்டும், உங்கள் அரிப்புக்குக் காரணம் அது அல்ல.

பகலில் கோழியிடம் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் வீட்டில் அனைவருக்கும் அரிக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது சிவப்புச் செள்ளை. இது கோழி உடம்பில் தங்குவதில்லை. இரவில் ஏறி அரை மணி, ஒரு மணி நேரம் இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் பலகை இடுக்குக்குப் போய்விடும். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். கோழி அடையும் கம்பை ஒரு முனையில் தூக்கி, அது சட்டத்தில் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருக்கும். அதன் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளிகள் அசையும். பசியோடு இருப்பவை வெளுத்தும், குடித்துவிட்டவை சிவந்தும் தெரியும். ஒரு வெள்ளைக் காகிதத்தை அந்தக் கம்பின் அடிப்பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். காகிதத்தில் இரத்தக் கோடு விழுந்தால் ஐயமே இல்லை.

இரவில் போக முடியாதவர்கள் அட்டைப்பெட்டியின் நெளிநெளியான அட்டையைச் சுருட்டிக் கம்பின் அடியில் கட்டி வைத்து, இரண்டு நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் உதறிப் பார்க்கலாம். செள்ளு அந்த நெளிவுக்குள் புகுந்திருக்கும். பார்த்த பிறகு அட்டையை எரித்துவிடுங்கள்.

தோலில் என்ன நடக்கிறது

கடியின் வலியை நாம் உணர்வதே அரிது. பூச்சி இரத்தம் குடிக்கும்போது உள்ளே விடும் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. அதனால்தான் ஒரே வீட்டில் ஒருவருக்குக் கொப்புளம் வரையில் போகும், இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆண்டுக்கணக்கில் கோழியோடு பழகியவர்களுக்கு இந்த ஒவ்வாமை மங்கிவிடுவதும் உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அரிக்கவில்லை என்பதால் உங்கள் குழந்தைக்கு வேறு ஏதோ நோய் என்று பயப்பட வேண்டாம். அவர் கூட்டில் பூச்சி இல்லை என்றும் நினைக்க வேண்டாம்.

தெள்ளு தரையிலிருந்து தாவுவது. அதனால் கடி கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும்தான் மிகுதி. தடிப்பின் நடுவே ஊசி முனையளவு சிவப்புப் புள்ளி இருக்கும். இரண்டு மூன்றாகச் சேர்ந்தோ வரிசையாகவோ இருக்கும். ஒட்டுத் தெள்ளு சிறு குழந்தையின் தோலில் கரும்புள்ளியாக ஒட்டிக்கொண்டே இருப்பதையும் பார்க்கலாம். செள்ளு அப்படியல்ல, ஊர்ந்து போய் உடை இறுக்கும் இடத்தில் நிற்கும். இடுப்பு, அக்குள் ஓரம், ஸ்வெட்டரின் கை முடியும் மணிக்கட்டு, குல்லா விளிம்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். கோழிக்குத் தீனி வைத்துவிட்டு வந்த அன்றே அரித்தால் செள்ளுக்கு வாய்ப்பு அதிகம்.

கோழியின் செள்ளோ தெள்ளோ மனித உடம்பில் குடும்பம் நடத்த முடியாது. கடிக்கும், குடிக்கும், ஆனால் நம் தோலில் துளைத்துக் குடியேறிப் பெருகாது. சிரங்கு வேறு. அது மனிதனுக்கே உரிய பூச்சி. தோலுக்குள் துளையிட்டு வாழ்வது. விரலிடுக்கில் தொடங்கி வீட்டில் ஒவ்வொருவராகப் பிடிக்கும். மருத்துவரிடம் போகும்போது முதல் வாக்கியமாகவே "வீட்டில் கோழி வளர்க்கிறோம், கூடு சுவரை ஒட்டி இருக்கிறது" என்று சொல்லுங்கள். காகிதத்தில் ஒட்டிய பூச்சியைச் சிறு டப்பாவில் போட்டுக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. பல வார வீண் மருத்துவம் இந்த ஒரு தகவலால் மிச்சமாகும்.

அரிப்பைத் தணிக்கச் செய்ய வேண்டியது எளிது. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கள்; மலையில் குழாய்த் தண்ணீரே போதும். கேலமைன் லோஷன் தடவலாம். இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தால் செட்டிரிசின் போன்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். இது சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும். கொண்டைஊசி வளைவுகளில் வண்டி ஓட்ட வேண்டியவர்கள் இரவில் மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறிந்து புண்ணாகி அதில் சீழ் பிடிப்பதுதான் கடியைவிடப் பெரிய துன்பம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தெள்ளை வாசலின் பூசிச் சிறிது நேரம் விட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுத்து, சோப்பால் கழுவினால் போதும்.

நீலகிரித் தைலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் தலைவலி முதல் சுளுக்கு வரை எல்லாவற்றுக்கும் அந்தப் புட்டிதான் முதலில் கைக்கு வரும். சொறிந்த தோலில் கலப்பில்லாமல் தடவினால் எரிந்து தோல் வெந்துபோகும். கைக்குழந்தைக்கு முகத்தருகே கூடாது. சிறிதளவு விழுங்கிவிட்டால்கூட வலிப்பு வரை போகக்கூடிய பொருள் அது. விண்டர்கிரீன் தைலமும் இதே வகையில் ஆபத்தானதுதான். இரண்டையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய், டெட்டால் போன்றவற்றைத் தண்ணீர் சேர்க்காமல் தடவுவதும் வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் கதையே வேறு. புதர் மண்டிய இடங்களில் இருக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணியின் கடியால் வருவது, செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் ஸ்க்ரப் டைஃபஸ். தமிழ்நாட்டு மலைப்பகுதிகளிலும் அது உண்டு. கடித்த இடத்தில் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்கு அடியிலோ மறைந்திருப்பதால் தேடினால்தான் தெரியும். அது கோழியிலிருந்து வருவதில்லை. ஆனால் கோழிக்கடி என்று நினைத்து அந்தப் பொருக்கைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல், கடும் தலைவலி, கறுத்த பொருக்கு இவற்றில் எது இருந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். நேரத்தோடு தொடங்கினால் டாக்சிசைக்கிளின் மருந்துக்கு நன்றாகக் கேட்கும்; தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். முகம் வீங்கி மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள்.

முதல் நாள்: வீட்டுக்குள்

கூட்டில் கை வைப்பதற்கு முன்பு வீட்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பஞ்சாரமும் குஞ்சுப் பெட்டியும் உடனே வெளியே போகட்டும். குளிருக்குப் பல்பு போட்டுத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். கூட்டு வேலைக்கென்று ஒரு பழைய சட்டை, கால்சட்டை, ரப்பர் பூட்ஸ் வைத்துக்கொண்டு அவற்றை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வேலை முடிந்ததும் குளியல்.

மலையில் கம்பளியும் சால்வையும் ஸ்வெட்டரும் மாதக்கணக்கில் துவைக்கப்படாமல் கட்டில்மேல் கிடக்கும். அவற்றில்தான் செள்ளு ஒளிகிறது. பருத்தித் துணிகளை 60 டிகிரிச் சூட்டில் துவைக்கலாம். கம்பளியைச் சூட்டில் போட்டால் சுருங்கிவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி நல்ல வெயிலில் ஒரு முழு நாள் வைத்துவிட்டு உதறுங்கள். தரை இடுக்குகளையும் கட்டிலுக்கு அடியிலும் பெருக்கி, குப்பையை அன்றே எரித்துவிடுங்கள்.

நாய், பூனையின் காது விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒட்டுத் தெள்ளு அங்கே வரிசையாகப் பிடித்திருக்கும். கோழியைச் சுத்தம் செய்துவிட்டு நாயை விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் மீண்டும் தொடக்கத்துக்கே வந்துவிடுவீர்கள்.

கோழிக்கு

கொண்டையிலும் கண்ணோரத்திலும் உள்ள ஒட்டுத் தெள்ளின்மீது விரல் நுனியால் வாசலின் கனமாகப் பூசுங்கள். கண்ணுக்குள் போகக் கூடாது. மறுநாள் இறந்தவற்றை இடுக்கியால் எடுக்கலாம். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை திரும்பப் பூசுங்கள். குஞ்சுகளை முதலில் கவனியுங்கள். அவற்றின் உடம்பில் இருப்பதே கொஞ்சம் இரத்தம்தான். கொண்டை வெளுத்து, இமை வீங்கி மூடி, தீனி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் சோர்ந்து செத்துப்போகும்.

உடம்புச் செள்ளுக்கும் பேனுக்கும் பெர்மெத்ரின் தூள் அல்லது தெளிப்பு மருந்தைக் கால்நடை மருத்துவர் அளவு சொல்லித் தருவார். தூள் போடுவதற்கு ஒருவர் கோழியைக் கவிழ்த்துப் பிடிக்க, இன்னொருவர் மலவாய்ப் பகுதி, இறக்கைக்கு அடி, கழுத்தடி என்று இறகைப் பிரித்துத் தோலில் படும்படி தூவ வேண்டும். மேலே தூவினால் மூடுபனியில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரினை மிகக் கவனமாக வையுங்கள். பூனைக்கு அது நஞ்சு. ஐவர்மெக்டின் ஊசியோ சொட்டோ மருத்துவர் கையால் மட்டுமே போடப்பட வேண்டும். எந்த மருந்தானாலும் எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வாங்கிவைத்த பூச்சிமருந்து ஷெட்டில் மிச்சம் இருக்கும். அதைக் கொஞ்சம் கலந்து கோழிமேல் தெளித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கோழி சாகும், சாகாவிட்டால் நஞ்சு முட்டைக்கு வரும், தெளித்தவர் மூச்சிலும் ஏறும். அந்த முட்டையை முதலில் சாப்பிடப்போவது வீட்டுக் குழந்தைதான்.

அருகில் அரசு கால்நடை மருந்தகம் எங்கே என்று கோழி வாங்கும்போதே விசாரித்து வையுங்கள். போக வழியில்லாத இடமென்றால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

கூட்டுக்கு

இதுதான் முக்கியமான வேலை. மழையில்லாத, வெயில் உறைக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். காலையிலேயே தொடங்கினால்தான் மாலைப் பனி இறங்குவதற்குள் கூடு காயும். ஈரம் காயாத கூட்டில் கோழியை அடைத்தால் சளி பிடித்து வேறு தொல்லை வரும்.

கோழிகளை வெளியே விட்டு, கூளம், எச்சம், முட்டையிடும் பெட்டியின் வைக்கோல் அனைத்தையும் சுரண்டி எடுத்து எரித்துவிடுங்கள். உரக்குழியில் அப்படியே கொட்டுவது பூச்சியை இடம் மாற்றுவதுதான். மண் தரையாக இருந்தால் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு வெட்டி அகற்றுங்கள். தெள்ளின் முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் அந்த அடுக்கில்தான் கிடக்கும். கூட்டுக்கு அடியில், கூரை நிழலில் உள்ள தூசியை மறக்காதீர்கள்.

கம்புகளையும் பெட்டிகளையும் கழற்றி வெளியே எடுங்கள். பட்டை இருந்தால் உரித்து எரியுங்கள். பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீரைப் பலகைச் சந்துகளில், ஆணி அடித்த இடங்களில், கம்பு உட்காரும் பள்ளங்களில், மூங்கிலின் திறந்த முனைகளுக்குள் ஊற்றுங்கள். உதகையின் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். செள்ளைக் கொல்ல அதுவே தாராளம். ஒரு வாளியைத் தூக்கிவந்து தெளிப்பதில் பயனில்லை, வழியிலேயே ஆறிவிடும். கூட்டுக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, சொம்பு சொம்பாக அள்ளிச் சந்துக்குள் விழும்படி ஊற்றுங்கள்.

காய்ந்ததும் சுண்ணாம்பு. நன்றாகக் குழைத்த சுண்ணாம்பைத் தூரிகையால் சந்துகளுக்குள் புகுத்தி அடிக்க வேண்டும். சுவரின் பரப்பைவிட இடுக்குதான் முக்கியம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகே கோழி உள்ளே போகட்டும்.

மூலிகை வழியை விரும்புகிறவர்களுக்கு: பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள்தூள், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டித் தெளிக்கும் முறை ஒன்று மாட்டு உண்ணிக்குப் பரவலாகப் பயன்படுகிறது. கூட்டின் மரத்தில் வாரம் ஒருமுறை தெளிக்க அது துணையாக இருக்கும். உண்ணிச்செடி இலையைக் கால்நடைகள் தின்றால் நஞ்சு என்பதால் அரைத்த சக்கையைத் தீனிப்பக்கம் போடாதீர்கள். வெந்நீருக்கும் சுண்ணாம்புக்கும் இது ஈடாகாது என்பது என் கருத்து.

ஏன் மூன்று முறை

முதல் சுத்தத்துக்குப் பிறகு நான்கைந்து நாள் அரிப்பே இருக்காது. எல்லாரும் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். தப்பிய முட்டைகள் அப்போதுதான் பொரிக்கத் தொடங்கும். சிவப்புச் செள்ளு சூடு கிடைத்தால் ஏழு முதல் பத்து நாளில் முட்டையிலிருந்து முழுப்பூச்சி ஆகிவிடுகிறது, குளிரில் மெதுவாக. ஆகவே எட்டு நாள் இடைவெளியில் கூளம் அகற்றுதல், வெந்நீர், சுண்ணாம்பு மூன்றையும் இரண்டாவது முறை, பிறகு அதேபோல மூன்றாவது முறை செய்ய வேண்டும். கோழிக்குத் தூள் போடுவதும் மருத்துவர் சொன்னபடி கூடவே நடக்கட்டும்.

ஒட்டுத் தெள்ளுக்கு இன்னும் பொறுமை வேண்டும். முட்டையிலிருந்து தெள்ளாக மாறி வர ஒன்று முதல் இரண்டு மாதம் பிடிக்கும். அதன் கூட்டுப்புழு பட்டு உறைக்குள் இருப்பதால் மருந்து எளிதில் எட்டாது. அதனால் இரண்டு மாதம் வரையில் வாரம் ஒருமுறை கூட்டின் தரையைப் பெருக்கி எரித்துக்கொண்டே இருங்கள், கோழியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். புதிதாக ஒட்டுவது குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும்.

தோலும் அதற்கேற்பத்தான் ஆறும். பழைய தடிப்புகள் ஒன்றிரண்டு வாரம் இருந்து மறையும். கருந்தழும்பு சில மாதம் தங்கும். புதிய தடிப்பு எழவில்லை என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய அடையாளம்.

திரும்ப வராமல் இருக்க

முதலில் ஒரு குளியல் பெட்டி. பழைய டயரோ மரப்பெட்டியோ எடுத்து, கூரைக்கு அடியில் சாரல் படாத இடத்தில் வைத்து, காய்ந்த மண்ணும் சலித்த விறகுச் சாம்பலும் ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்புங்கள். சாம்பல் நன்றாக ஆறியதாக, ஈரமில்லாததாக இருக்க வேண்டும். நனைந்த சாம்பல் தோலை அரிக்கும். வெயில் காலத்திலேயே இரண்டு மூட்டை காய்ந்த மண்ணைச் சலித்துக் கட்டி வைத்துக்கொண்டால் மழை மாதங்களுக்கு ஆகும். நான்கு மாத மழையில் கோழிகள் அந்தப் பெட்டிக்காக முட்டி மோதிக்கொள்வதைப் பார்த்தால் அது அவற்றுக்கு எவ்வளவு தேவை என்று புரியும்.

அடைக்கோழியைத் தனியே கவனியுங்கள். 21 நாள் நகராமல் உட்கார்ந்திருப்பதால் செள்ளுக்கு அதைவிட வசதி வேறில்லை. தாங்க முடியாமல் பாதியில் முட்டையை விட்டு எழுந்துபோகும் கோழியை அடை சரியில்லாதது என்று ஒதுக்கிவிடுகிறோம். பல நேரம் அது கடி தாளாமல் எழுந்த கோழிதான். அடை வைக்கும் முன் கூடையை வெந்நீரில் அலசிக் காயவைத்து, புது வைக்கோல் போட்டு, கோழிக்கு மருந்து போட்டுச் சில நாள் கழித்தே உட்கார வையுங்கள்.

புதிதாகக் கட்டுவதானால் கூட்டை வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, அழுத்தமான இரும்பு வலை போட்டுக் கட்டுங்கள். சிறுத்தைக்கு அஞ்சி வீட்டோடு ஒட்டிக் கட்டுவதைவிட வலைக்கும் தாழ்ப்பாளுக்கும் செலவு செய்வது நல்லது. கம்புகளை ஆணி அடிக்காமல் கழற்றி எடுக்கும்படி வையுங்கள். தீனி மூட்டையைத் தகரப் பெட்டியில் பூட்டுங்கள். எலி வந்தால் அதன் தெள்ளும் கூடவே வரும்.

சந்தையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ வாங்கிவரும் கோழியை இரண்டு மூன்று வாரம் தனிக்கூண்டில் வைத்து, முகம், மலவாய், இறக்கையடி பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள். இனாமாக வந்த கோழிக்கும் இதே விதிதான்.

கோழியை விற்றுவிட்டால்

அரிப்பு தாங்காமல் எல்லாக் கோழிகளையும் விற்றுவிடுகிறவர்கள் உண்டு. பிறகு ஒரு வாரத்தில் கடி முன்னைவிடக் கூடிவிட்டது என்று கலங்கிப்போவார்கள். கூட்டில் மிஞ்சிய செள்ளுக்கு இரவில் ஏறக் கோழி இல்லை. சுவர் வழியாக, ஜன்னல் சட்டம் வழியாக வீட்டுக்குள் வரும். குளிர்ந்த இடத்தில் சிவப்புச் செள்ளு மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைத்திருக்கும். ஆகவே கோழி போன அன்றே கூட்டைப் பிரித்து, பழைய மரத்தை எரித்து, தரையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு தூவுங்கள். மரத்தை விறகுக்கென்று சமையலறை மூலையில் அடுக்கி வைக்காதீர்கள். கூடு நல்ல நிலையில் இருந்து, பின்னால் மறுபடியும் கோழி வைக்கும் எண்ணம் இருந்தால், மூன்று சுத்தமும் முடித்து, நெளி அட்டையைக் கட்டி வைத்து, அதில் ஒரு செள்ளும் சிக்காத நிலை வந்த பிறகே அடுத்த கோழியை வாங்குங்கள்.